முட்டையில் பழகிய கத்தி

நீரிழிவு முற்றிக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தால், 1970க்கு முன் வைத்தியர்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. இரத்தம் தானாக வடியக் காத்திருப்பார்கள்.

அந்த ஆண்டு அமெரிக்காவின் மயாமியில் கண் மருத்துவர் ராபர்ட் மாக்கமர் அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தார். முட்டை ஓட்டில் துளையிட்டு, வெள்ளைக்கருவை உறிஞ்சிப் பழகிய கருவி அவருடையது. அது வெண்விழி வழியே நுழைந்து, கண்ணுக்குள் நிறைந்திருக்கும், இரத்தம் கலந்த கூழை நறுக்கி உறிஞ்சும். கண் சுருங்காதபடி உப்புநீரையும் உள்ளே பாய்ச்சும். முதல் நோயாளியே நீரிழிவுக்காரர்தான்.

பலன்? கடுமையான இரத்தக்கசிவில் உடனே அறுவை செய்த கண்களில் 100க்கு 25, ஓராண்டு தள்ளிப்போட்டவற்றில் 15, நல்ல பார்வை பெற்றதாக 1985இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. சிறிய வித்தியாசமல்ல, அந்தப் பத்துப் பேருக்கு அதுதான் உலகம்.

இதற்கிடையே தமிழ்நாட்டிலும், மதுரையில் 1976இல் அரவிந்த், சென்னையில் 1978இல் சங்கர நேத்ராலயா எனக் கண் மருத்துவமனைகள் எழுந்தன. பின்னதைத் தொடங்கிய எஸ். எஸ். பத்ரிநாத், விழித்திரை அறுவை நிபுணர். அப்போது இலங்கையின் மன்னாரில் உள்ள தலைமன்னாரிலிருந்து தமிழ்நாட்டின் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. எண்பதுகளில் இலங்கைப் போர் அதை நிறுத்தியது. அக்கரையில் இந்தச் சிகிச்சை வளர்ந்துவந்த வேளையில் வழி அடைபட்டது மன்னாருக்குப் பேரிழப்பு.

நீரிழிவு உள்ளவர்களே, பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.