மேரி வந்த வழி

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் தேவை. கணவன், மனைவி இருவருமே பட்டதாரிகளாக இருக்க வேண்டும். ஒரு ஜமீன்தார் இப்படி விளம்பரம் கொடுக்கிறார். வேலை தேடிச் செருப்புத் தேய அலையும் பாலுவிடம் பட்டம் இருக்கிறது, மனைவி இல்லை. மேரியிடமும் பட்டம் இருக்கிறது. கூடவே அப்பா வாங்கிய கடனும், அந்தக் கடனைச் சாக்கிட்டுத் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி நச்சரிக்கும் கடன்காரனும். பாலு இந்து, மேரி கிறிஸ்தவள். இருவரும் புருஷன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு அந்த ஊருக்கு வண்டி ஏறுகிறார்கள்.

1955 பொங்கலுக்கு வந்த ‘மிஸ்ஸியம்மா’வின் கதை இது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் இந்தப் படம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். நானும் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணியதில்லை. ஆனால் அந்தத் தலைப்பை நின்று யோசித்தது வெகு காலம் கழித்துத்தான். ‘மிஸ்’ என்றால் மணமாகாதவள். ‘அம்மா’ என்றால் குடும்பம் நடத்துகிறவளை ஊர் மரியாதையாக அழைக்கும் சொல். மேரி அந்த ஊரில் மாட்டிக்கொண்ட மாட்டல் முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது.

இந்தக் கதை பிறந்தது வங்காளத்தில். ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய ‘மானமயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ என்ற நகைச்சுவை நாடகம்தான் மூலம். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம், தம்பதியாகத்தான் வேண்டும் என்ற ஒரு நிபந்தனை, வேலைக்காகத் தம்பதியாக வேடம் போடும் இருவர். 1935-ல் ஜோதிஷ் பானர்ஜி இயக்க, கானன் தேவி நடிக்க, அது வங்காளப் படமாகவும் வந்தது.

அங்கிருந்து கோடம்பாக்கத்துக்கு அது எப்படி வந்தது என்பதில்தான் என் மனம் அதிகம் தங்குகிறது. தெனாலிக்காரர் ஆலூரி வெங்கட சுப்பாராவ், இலக்கிய உலகுக்குச் சக்ரபாணி. 1930-களின் தொடக்கத்தில் அவருக்குக் காசநோய் வந்தது. அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை, இவ்வளவுதான் வைத்தியம். மதனப்பள்ளி பக்கம் மிஷன்காரர்கள் நடத்திய ஆரோக்கியவரம் சானடோரியத்துக்குப் போனார். அங்கே இன்னொரு நோயாளியிடம் வங்காள மொழி கற்றுக்கொண்டார். பிழைப்போமா மாட்டோமா என்று தெரியாமல் படுத்திருக்கும் மனிதர் ஒரு புது மொழிக்கு அரிச்சுவடி எழுதிப் பழகுகிறார்! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிழைத்து வந்தவர் வங்காள எழுத்தாளர் சரத் சந்திரரின் நாவல்களைத் தெலுங்கில் பெயர்த்தார். சரத் தெலுங்கு எழுத்தாளர் என்றே பலரும் நம்பும் அளவுக்கு அந்த மொழிபெயர்ப்பு ஓடியது என்பார்கள். பிறகு நாகிரெட்டியோடு சேர்ந்து, 1947 ஜூலையில் தெலுங்கில் ‘சந்தமாமா’வும் தமிழில் ‘அம்புலிமாமா’வும் தொடங்கினார். நம்மில் எத்தனையோ பேருக்கு விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் காட்டிய அதே கைதான் மேரியையும் கொண்டுவந்தது.

நாகிரெட்டியும் சக்ரபாணியும் தங்கள் விஜயா பட நிறுவனத்துக்காக அந்த வங்காளக் கதையைக் கையில் எடுத்தபோது நாடு விடுதலை பெற்றுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பி.ஏ. படித்தவன் வேலைக்கு அலைவது தெருவுக்குத் தெரு காணும் காட்சி. சக்ரபாணி அதைக் கதையின் அடிமண்ணாக்கினார். அத்தோடு சரதிந்து பந்தோபாத்யாயின் ‘டிடெக்டிவ்’ கதையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். ஜமீன்தாரின் மருமகன் துப்பறிகிறேன் என்று சுற்றி வருவது அங்கிருந்து வந்தது. பள்ளிக்கூடத்துக்கு, ஜமீன்தார் தம்பதி குழந்தையில் தொலைத்த மூத்த மகள் மகாலட்சுமியின் பெயர்.

தம்பதியாகத்தான் வேண்டும் என்ற அந்த நிபந்தனையை இன்று நினைத்தால் விநோதமாக இருக்கும். தனியாக ஒரு பெண் புது ஊருக்கு வந்து சம்பளத்துக்கு வேலை பார்த்தால் அன்று ஊர் வாய் சும்மா இருக்காது. கல்யாணமாகாத இளைஞனுக்கு யாரும் எளிதில் வீடு கொடுக்கவும் மாட்டார்கள். தாலிதான் அன்றைய நன்னடத்தைச் சான்றிதழ். அது இல்லாததால் இரண்டு ஏழைகள் பொய் சொன்னார்கள். பொய் சொல்லித்தான் பிழைக்க முடியும் என்ற நிலைமைக்குள் அவர்களைத் தள்ளியது எது என்று படம் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் பார்க்கிறவர்களின் கோபம் அந்த இருவர் மேல் திரும்பாது. அதற்குக் காரணம் மேரியாக நடித்த சாவித்திரி.

அந்த வேடத்துக்கு முதலில் வந்தவர் பானுமதி. படத்தின் தெலுங்கு வடிவத்துக்குச் சில ரீல்கள் எடுத்தும் ஆகிவிட்டது. வீட்டில் வரலட்சுமி விரதம், படப்பிடிப்புக்கு வரத் தாமதமாகும் என்று அவர் எழுதி அனுப்பிய கடிதம் சக்ரபாணியின் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று சொல்வார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார் சக்ரபாணி. பானுமதி மறுத்தார். எடுத்த ரீல்கள் நெருப்புக்குப் போயின. இரண்டாம் நாயகியாக இருந்த சாவித்திரி மேரியானார். அவர் இடத்துக்கு ஜமுனா வந்தார். தான் விலகியதால்தான் சினிமாவுக்கு ஒரு சாவித்திரி கிடைத்தார் என்ற பொருளில் பானுமதி பின்னாளில் பெருந்தன்மையோடு பேசியிருக்கிறார்.

இயக்குநர் எல்.வி. பிரசாத்துக்குச் சாவித்திரி புதியவர் இல்லை. 1950-ல் அவர் எடுத்த ‘சம்சாரம்’ படத்தில் பெரிய வேடத்துக்கு வந்த அந்தச் சிறுமி, நடிகர் நாகேஸ்வரராவை நேரில் கண்ட பரபரப்பில் வசனம் வராமல் திணறி, வேடத்தை இழந்தார். ஐந்து வருஷத்தில் அதே இயக்குநரின் கேமரா முன்னால் சிடுசிடு முகத்தோடு நிற்கிறார். உதடு கோபத்தில் இருக்கும்போதே கண் வேறொன்று சொல்கிறது.

தெலுங்கு ‘மிஸ்ஸம்மா’வையும் தமிழ் ‘மிஸ்ஸியம்மா’வையும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள். பொங்கல் வாரத்தில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டும் வெளிவந்தன. அங்கே என்.டி. ராமராவ், இங்கே ஜெமினி கணேசன். ரங்காராவ் இரண்டிலும் ஜமீன்தார். துப்பறியும் மருமகனாகத் தெலுங்கில் நாகேஸ்வரராவ், தமிழில் தங்கவேலு. ஜெமினி நிஜத்திலேயே சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். வாத்தியார் வேடத்தில் அவரிடம் ஒட்டவைத்தது போல் எதுவும் தெரியாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் நிலாப் பாட்டைத்தான் காட்டுவேன். தஞ்சை ராமையாதாஸின் வரிகளும் ராஜேஸ்வரராவின் இசையும், ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடியதும் எல்லாருக்கும் தெரியும். அதில் நடப்பதைக் கவனியுங்கள். இருவரும் நிலவைக் கூப்பிட்டு ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்கிறார்கள். பொய்ப் புருஷனைப் பற்றி அவள், பொய்ப் பெண்டாட்டியைப் பற்றி அவன். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள் அக்கம்பக்கத்தில் போய்ச் சொல்கிற குறை மாதிரியே இருக்கிறது அது. ஊருக்காகப் போட்ட வேடம், ஊர் தூங்கின பிறகும் கலையவில்லை. மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அந்த நிலவொளி, கறுப்பு வெள்ளையில் இப்போதும் குளிர்கிறது. தெலுங்குப் பாட்டில் நிலவை அவர்கள் ‘சந்தமாமா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தயாரிப்பாளர்களின் பத்திரிகைப் பெயரேதான்.

அந்த ஊரில் மேரிக்குக் கிடைக்கும் அன்பே அவளுக்குப் பெரிய தொந்தரவு. ஜமீன்தாரிணி தொலைந்துபோன தன் மகளையே கண்டது போல் உருகுகிறாள். பொட்டு வைத்துக்கொள், பூ வைத்துக்கொள் என்று பாசம் கொட்டுகிறது. மேரி மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறாள். வேடத்தைத் தொடரவும் முடியாது, விட்டால் சம்பளமும் கடனும் என்ன ஆகும்? பாலு ஜமீன்தாரின் இளைய மகள் சீதாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க, மேரிக்குப் பொறாமை வருகிறது. நடிப்புக்கு வந்த மனைவிக்குப் பொறாமை எதற்கு? அந்த இடத்தில் காதல் வந்துவிட்டது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், அவளுக்குத்தான் தெரியாது.

முடிவைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மருமகன் துப்பறிந்து, அங்க அடையாளத்தை வைத்து, மேரிதான் தொலைந்துபோன மகாலட்சுமி என்று கண்டுபிடிக்கிறான். கிறிஸ்தவர் வீட்டில் வளர்ந்தவள் பிறப்பால் இந்து, அதுவும் ஜமீன் வாரிசு. ஆக, இரண்டு உலகங்களுக்கு நடுவே இருந்த பள்ளம் ஒரு மச்சத்தால் மூடப்படுகிறது. அன்றைய தயாரிப்பாளர்களுக்குப் போட்ட பணம் திரும்ப வேண்டும், மதக் கலப்பைத் திரையில் ஊர் ஏற்குமா என்ற பயமும் இருந்திருக்கும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேரி மேரியாகவே இருந்து பாலுவின் கையைப் பிடித்திருந்தால் அது எவ்வளவு பெரிய படமாக ஆகியிருக்கும்! பாலுவின் மனம் நெகிழ்ந்தது சிலுவைக்குறி போட்டுக்கொண்டு சிடுசிடுத்தவளிடம்தான். மகாலட்சுமி யாரென்றே அப்போது அவனுக்குத் தெரியாது. மச்சம் வருவதற்கு முன்னாலேயே காதல் வந்தாயிற்று. படம் எடுத்தவர்களே நமக்கு அந்த ஆதாரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

1957-ல் ஏ.வி.எம். இதை இந்தியில் ‘மிஸ் மேரி’யாக எடுத்தது. பிரசாத்தே இயக்கினார். மேரியாக மீனாகுமாரி. ஜெமினிக்கு அது முதல் இந்திப் படம். துப்பறிகிறவராகக் கிஷோர்குமார். இசையமைத்தவர் வங்காளக்காரரான ஹேமந்த்குமார். தெற்கே எல்லாரும் முணுமுணுத்த பிருந்தாவனத்துக் கண்ணன் பாட்டின் மெட்டு மட்டும் அப்படியே அங்கும் போயிற்று. வங்காளத்தில் கிளம்பிய கதை, கோடம்பாக்கத்து மெட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு வங்காளியின் ஆர்மோனியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே வங்காளத்தில் உத்தம்குமார் நடிக்க ‘மானமயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ மறுபடியும் படமானது.

படம் பார்க்கும்போது இன்னொன்றும் என் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும். ஜெமினி புதுக்கோட்டை பிராமணக் குடும்பத்துப் பிள்ளை, கல்லூரியில் பாடம் நடத்தியவர், ஏற்கெனவே குடும்பஸ்தர். சாவித்திரி குண்டூர்ப் பக்கத்துக் கிராமத்தில், கைக்குழந்தையிலேயே அப்பாவை இழந்து, பெரியம்மா வீட்டில் வளர்ந்து, நாடக மேடைகளில் ஆடி வந்த பெண். சாதி, மொழி, படிப்பு எல்லாவற்றிலும் இரண்டு வேறு உலகம். அவர்களுக்கு 1952-லேயே ரகசியமாகத் திருமணம் ஆகிவிட்டது என்கின்றன சாவித்திரியின் வாழ்க்கைக் குறிப்புகள். அப்படியானால், வாகினி ஸ்டூடியோவின் விளக்குகளுக்குக் கீழே கல்யாணமாகாத இருவர் கல்யாணமானவர்களாக வேஷம் போடும் கதையை நடித்தவர்கள், விளக்கை அணைத்ததும் வெளியே வந்து கல்யாணமாகாதவர்களாக நடித்திருக்கிறார்கள். எந்த வேஷம் அந்தப் பெண்ணுக்கு அதிகம் கனத்ததோ.

பிற்பாடு ஒரு நாள் லக்ஸ் சோப்பு விளம்பர ஒப்பந்தம் ஒன்று அவர் முன்னால் வந்தது. பேனாவை வாங்கி, சாவித்திரி கணேஷ் என்று கையெழுத்துப் போட்டார்.