சடங்கன்பாடியில் ஒரு பகல்

தரங்கம் என்றால் அலை. ஆகவே தரங்கம்பாடி என்பது அலைகள் பாடும் ஊர் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். செவிக்கு இனிய விளக்கந்தான். ஆனால் கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பாடி என்பது குடியிருப்பு, பாட்டு அன்று.

நண்பருடன் மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாக இவ்வூருக்குச் சென்றோம். நகர வாயிலைக் கடந்தால், டேன்ஸ்பர்க் கோட்டை வரை நடந்தே பார்த்துவிடக்கூடிய சின்னஞ்சிறு ஊர். கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்கு இவ்விடத்தில் வணிக உரிமை தந்தார். டேனிய மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதப்பட்ட தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் உள்ளது. 1845 இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையைப் பற்றி இதற்கு மேல் எழுத எங்களுக்கு ஆர்வமில்லை.

எங்களை ஈர்த்தது சீகன்பால்கு. 1706 ஜூலையில் வந்திறங்கிய அந்த ஜெர்மானியர், பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டுகளில் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். திருக்குறளும் அதில் உண்டு. இறந்துபோன அந்தணர்களின் விதவையரிடம் சுவடிகள் மலிவாகக் கிடைக்கும் என்று தம் எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பினாராம். அதே 1708 இன் இறுதியில் டேனிய ஆளுநர் அவரைக் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைத்தார். கோட்டைக்குள் நின்றபோது எங்களுக்கு நினைவில் இருந்தது இதுதான்.

தமிழின் முதல் அச்சு தரங்கம்பாடியில் நிகழ்ந்தது என்பது தவறு. கொல்லத்தில் 1578 இலேயே தமிழ்நூல் அச்சாகிவிட்டது. இங்கே நிகழ்ந்தது வேறு. ஹாலே நகரிலிருந்து 1713 இல் வந்த தமிழ் எழுத்துருக்கள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகித ஆலை ஒன்றைப் பொறையாற்றில் அமைத்தார்கள். புதிய ஏற்பாடு 1715 இல் அச்சாகி முடிந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலோ, அஞ்ஞானத்தை வேரறுக்கப் போனவர் அதைப் பரப்புவதா என்று ஹாலேயில் ஒதுக்கப்பட்டு, 1867 இல்தான் சென்னையில் வெளிவந்தது. 1719 இல் 36 வயதில் இறந்த அவர், தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

ஆலயத்தில் நண்பர் மெல்லக் கேட்டார்: "இவருக்குச் சிலை இருக்கிறது. இவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு?"

வாத்தியாருக்கு ஒன்றும் இல்லை. டேனியம், ஜெர்மன், போர்த்துக்கீசியம் எல்லாம் அறிந்து சீகன்பால்குவுக்கு மொழித்துணையாயிருந்த அழகப்பனை ஆய்வாளர்கள் மட்டுமே அறிவார்கள். சீகன்பால்குவும் அவருடைய தோழரும் சமயம், வழக்கம், கல்வி பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு உள்ளூர்த் தமிழர்கள் எழுதிய பதில்கள் ஹாலேயில் அச்சேறின. ஐரோப்பியரின் குடியையும் மாட்டிறைச்சி உணவையும் கூசாமல் கண்டிக்கும் கடிதங்கள் அவற்றில் உண்டு. எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் இல்லை. நம் கைக்கு வந்திருப்பதும் ஜெர்மன் வடிவம்தான். 300 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தெருக்களில் தமிழர் பேசிய பேச்சை, நாம் இன்று ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்துத்தான் படிக்கிறோம்.