ஐந்து விகலைப் பிழையும் இமயத்தின் வேரும்



நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் பிள்ளைகள், அதன்பின் புவியியலையும் அறிவியலையும் பிறமொழிகளிலேயே கற்கின்றனர். இடைநிலைப்பள்ளியில் பயிலும் என் முன்னாள் மாணவி ஒருத்தி, "மலைகளுக்கு அடியில் வேர் உண்டு என்று பாடத்தில் இருக்கிறது. அங்கே யார் போய்ப் பார்த்தார்கள் ஐயா?" என்று கேட்டாள். மிக நல்ல வினா. எவரும் போய்ப் பார்க்கவில்லை. கொத்தனார் சுவரின் நேர் பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. அவ்வரலாற்றைப் பெற்றோர் வீட்டில் தமிழிலேயே சொல்ல இயலவேண்டும் என்பதற்காக இதனை எழுதுகின்றேன்.

கதை தொடங்கும் இடம் சென்னை. 1802 ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி நூறு அடி நீள எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அதை முடிக்க 57 நாள் ஆயிற்று. ஒரு கோட்டை இத்துணைப் பொறுமையோடு அளந்துவிட்டால், பிறகு சங்கிலி மிகுதியாகத் தேவையில்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் ஏனைய பக்கங்கள் கணக்கிலேயே கிட்டும். அப்பக்கத்தின்மீது அடுத்த முக்கோணம், அதன்மீது மற்றொன்று என நாடு முழுவதும் பின்னிக்கொண்டே போகலாம். இதுவே முக்கோண அளவை.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் அதைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோய், பின்னர் சென்னைக்கு அனுப்பிவைத்தனர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டனே பல வாரங்கள் அமர்ந்து அதைச் செம்மைப்படுத்தினார். பிற்காலத்தில் இவ்வளவைத் துறையின் கருவிகளைப் பழுதுபார்த்த திறவோர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் என்பவர். சங்கிலி சுமந்தோர், குன்றின்மேல் கொடி பிடித்து நின்றோர் ஆகியோரில் பெரும்பாலோரின் பெயர்கள்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

1823இல் லாம்டன் மறைந்தார். அவர்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் வடக்கு நோக்கி வேலையைக் கொண்டு சென்றார். நம் கதைக்கு வேண்டியவை இரண்டே ஊர்கள். ஒன்று நடு இந்தியாவிலுள்ள கலியான்பூர். மற்றொன்று தில்லிக்கு வடக்கே, இமயத்தை நோக்கிய சமவெளியிலுள்ள கலியானா. இடைத்தொலைவு ஏறத்தாழ 600 கி.மீ. பினாங்கிலிருந்து ஜொகூர் பாரு வரை வரைபடத்தில் நேர்க்கோடு இழுத்தால் கிட்டுவதை ஒத்த தொலைவு.

இத்தொலைவை இருவகையில் கண்டனர். முதலாவது, முக்கோண அளவை. இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் தலைக்கு நேர்மேலே உள்ள புள்ளியிலிருந்து விண்மீன்கள் எவ்வளவு விலகியுள்ளன என்று பார்த்து, அவ்வூரின் அகலாங்கைக் கணித்தல். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை என்பதை நினைவிற் கொள்க. முக்கோணக் கணக்கு தந்த வேறுபாடு 5 பாகை 23 கலை 42.294 விகலை. விண்மீன் கணக்கு தந்தது 5 பாகை 23 கலை 37.058 விகலை. முரண்பாடு 5.236 விகலை, தரையில் ஏறத்தாழ 160 மீட்டர்.

600 கி.மீட்டரில் 160 மீட்டர்தானே என்று நமக்குத் தோன்றும். எவரெஸ்ட் அதனை அளவைப் பிழையாகவே கொண்டு, முக்கோணத் தொடர் நெடுகிலும் பங்கிட்டுச் சரிசெய்ய முனைந்தார். கல்கத்தாவில் கிறித்தவச் சமயப் பணியில் இருந்த ஜான் ஹென்றி பிராட் இதனை ஏற்கவில்லை. அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர்.

பிராட் கேட்டது இது. தலைக்கு நேர்மேலே எது என்பதை நாம் எப்படி அறிகிறோம்? தூக்குக்குண்டு தொங்கும் திசையைக் கொண்டு. ஆனால் பக்கத்தில் இமயம் போன்ற பெரும்பொருள் இருந்தால், அதன் ஈர்ப்பு குண்டைத் தன்பால் சிறிது இழுக்குமே! மலை குண்டை இழுக்கும் என்பது புதிய செய்தியன்று. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையருகே மாஸ்கலின் அதனை அளந்து காட்டியிருந்தார். கலியானா மலைக்கு அருகில், கலியான்பூர் தொலைவில். அருகிலுள்ள குண்டு வடக்கே மிகுதியாகச் சாய, அங்கே தலைமேற்புள்ளி தெற்கே நகர்ந்து, அகலாங்கு குறைவாகத் தோன்றும். விண்மீன் கணக்கு சிறுத்ததற்கு இதுவே காரணம்.

இத்துடன் அவர் நிறுத்தியிருந்தால் எல்லாரும் பாராட்டிக் கலைந்திருப்பர். அவரோ இமயத்தின் பருமனையும் திபெத்து மேட்டுநிலத்தின் பருமனையும் மதிப்பிட்டு, இழுப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்று கணக்கிட்டார். கலியானாவில் 27.853 விகலை, கலியான்பூரில் 11.968 விகலை. வேறுபாடு 15.885 விகலை. காணப்பட்டதோ 5.236! அதாவது இமயம் தன் உருவத்துக்கு ஏற்றபடி இழுக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கே இழுக்கின்றது. ஒரு முரண்பாட்டைத் தீர்க்கப் போனவர், அதைவிடப் பெரியதொரு முரண்பாட்டைக் கண்டு, மறைக்காமல் 1854 இறுதியில் லண்டன் அரச கழகத்தின்முன் வைத்தார். இவ்வரலாற்றில் நான் மிக மதிக்கும் இடம் இதுதான். விடை பொருந்தவில்லை என்றால் அழித்துவிட்டுப் பொருந்தும் எண்ணை எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் மிகுதி. அதற்கு நாம் மதிப்பெண்ணும் கொடுத்துவிடுகிறோம்.

சில வாரங்களிலேயே விளக்கம் வந்தது. அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1855 தொடக்கத்தில் நான்கே பக்கக் கட்டுரை ஒன்றை அளித்தார். பிராட்டின் முடிவு முதலில் வியப்பூட்டினாலும், எண்ணிப் பார்த்தால் இதனை முன்பே எதிர்பார்த்திருக்கவேண்டும் என்றார் அவர். புவியின் மேலோடு, தன்னைவிட அடர்த்தி மிக்க ஒன்றன்மேல் மிதக்கின்றது. இமயம் போன்ற பாரத்தை மெல்லிய மேலோட்டின்மேல் வெறுமனே வைத்தால் அது முறிந்துவிடும். ஆகவே நீரில் மிதக்கும் மரக்கட்டைபோல, மேலே உயர்ந்து நிற்பது கீழேயும் ஆழ்ந்திருக்கவேண்டும். அந்த வேர் இலேசான பாறை. அது இருக்கும் இடத்தில் இருந்திருக்கவேண்டிய கனமான பொருள் அங்கில்லை. அக்குறைவு மலையின் இழுப்பைப் பெருமளவு ஈடுசெய்துவிடுகின்றது.

1859இல் பிராட் வேறொரு விளக்கம் கூறினார். வேர் வேண்டியதில்லை, உயர்ந்த நிலத்தின் கீழுள்ள பாறை முழுவதும் அடர்த்தி குறைந்தது என்றார். இருவரில் யார் சரி? நிலநடுக்க அலைகளைக் கொண்டு பார்த்தபோது, இமயம் திபெத்துப் பகுதியில் மேலோடு ஏறத்தாழ 70 கி.மீ. தடித்திருப்பது தெரிந்தது, பிற கண்டப் பகுதிகளில் பொதுவாக 35 முதல் 40 கி.மீ. வரை. இங்கே ஏரி வென்றார். கடலடி மலைத்தொடர்களின் கீழோ சூடேறி அடர்த்தி குறைந்த பாறை இருக்கின்றது; அங்கே பிராட்டின் கருத்தே நெருங்கி வருகின்றது. இம்மிதப்புச் சமநிலைக்கு 'ஐசோஸ்டசி' என்று பெயரிட்டவர் கிளாரன்ஸ் டட்டன் என்னும் அமெரிக்கர், ஆண்டு 1882.

வீட்டில் செய்துகாட்டுவது எளிது. ஒரே மரத்தில் அறுத்த, அகலம் ஒத்த, தடிப்பு வேறுபட்ட இரு கட்டைகளை நீர்த்தொட்டியில் மிதக்கவிடுங்கள். தடித்தது மேலேயும் உயர்ந்திருக்கும், கீழேயும் ஆழ்ந்திருக்கும். பின் தடித்த கட்டையின் மேற்புறத்தைச் சிறிது சீவிவிட்டு மீண்டும் மிதக்கவிடச் சொல்லுங்கள். அடிப்புறம் முன்பைவிட மேலெழுந்திருப்பதைப் பிள்ளைகளே அளவுகோல் வைத்துக் கண்டுபிடிப்பார்கள். மழையும் ஆறும் மலையை அரிக்க அரிக்க, அதன் வேர் மேலே ஏறிக்கொண்டிருப்பதும் இவ்வாறே.