அறுபதா, நாற்பத்தெட்டா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் சொன்னார்: "மனித உரிமைங்கிறது கோட்டு போட்டவங்க ஜெனீவாவுல உட்கார்ந்து பேசுற பேச்சு. நம்ம ராயபுரத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" கைதட்டலும் வாங்கிட்டார். அய்யா, ராயபுரத்துல இருந்து பெரம்பூர் ரொம்ப தூரமில்லை. கொஞ்சம் அங்கே வாங்க!

1918ஆம் ஆண்டு. பக்கிங்காம் - கர்நாடிக் ஆலை. ஜனங்க வாயில் பின்னி மில். அன்றைய சட்டப்படி நெசவாலையில் ஓர் ஆண்மகனை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம். மதியச் சோற்றுக்கு அரை மணிதான். கை கழுவி, தூக்குச் சட்டியைத் திறப்பதற்குள் சங்கு ஊதிவிடும்! "சாப்பிட நேரம் கொடுங்க" என்று கேட்டவர்களுக்காக செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

மறு வருஷமே, 1919இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு வாஷிங்டனில் கூடியது. இந்தியத் தொழிலாளர் சார்பில் என்.எம். ஜோஷி போனார், அவருக்கு ஆலோசகராக நம்ம வாடியா! உலகத்துக்கே ஒரு நியாயம் எழுதினார்கள்: நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு. ஆனால் அதே ஒப்பந்தத்தின் பத்தாம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் வாரம் அறுபது மணி! வெள்ளைக்காரன் முதுகு மட்டும்தான் வலிக்குமா? நம்ம முதுகு என்ன இரும்பா?

"பார்த்தீங்களா, ஏமாத்திட்டாங்க!" என்பார் நண்பர். இல்லை. அந்த நாற்பத்தெட்டு என்ற எண் காகிதத்தில் இருந்ததால்தானே, "எங்களுக்கு ஏன் இல்லை?" என்று கேட்க முடிந்தது! 1923 மே 1இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். அறுபது என்பது 1934இல் ஐம்பத்து நான்காயிற்று, 1946இல் நாற்பத்தெட்டாயிற்று. இருபத்தேழு வருஷம்!

இதை வீட்டில் சொன்னேன். "எட்டு மணி சரி, அடுப்படிக்கு எத்தனை மணி?" என்றாள் என் மனைவி. நான் வாயைத் திறக்கவில்லை! ஆனால் அப்படிக் கேட்ட ஒரு பெண் உண்டு. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை எழுதும்போது, முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்ததை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தார் நம் ஹன்சா மேத்தா. 1948 டிசம்பர் 10இல் அது நிறைவேறியது. அதன் இருபத்து நாலாம் பிரிவு சொல்கிறது: ஓய்வும் மனிதனின் உரிமை! பெரம்பூர்த் தொழிலாளி கேட்டதும் அதைத்தானே?

எழுதியாச்சு, இனி தூங்கலாமா? கூடாது. 2023 ஏப்ரலில், நாளுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்க வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியது. திரும்பப் பெறுவதாக அறிவித்த நாள் எது? மே 1. சிங்காரவேலர் கொடியேற்றிச் சரியாக நூறு வருஷம்!

ஆகவே நடுவர் அவர்களே, 'அனைவருக்கும்' என்ற சொல்லை உலகம் எழுதி வைக்கும். அதில் நாம் இருக்கிறோமா என்று நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.