ஏடு பெயர்த்தலும் வன்தட்டு மாற்றமும்

கண்டி–கொழும்பு நெடுஞ்சாலையிலுள்ள பிலிமத்தலாவையிலிருந்து தௌலகலை வீதிவழியே தெற்கு நோக்கிச் செல்வோர் இலங்காதிலக விகாரையை அடைவர். நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344ஆம் ஆண்டளவில், அமைச்சன் சேனாலங்காதிகாரனால் எழுப்பப்பெற்றது அது. அதற்கு விடப்பட்ட தானங்கள் பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லிற் பொறித்ததைப் பெயர்த்தெழுத வேண்டுவதில்லை. ஓலையின் இயல்போ வேறு. ஈரமும் பூச்சியும் அதனை அழிக்கும். ஆதலின் ஏடு சிதையுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதுதல் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் பொதுவான வழக்கமாயிற்று. எழுதுவோன் கை தவறிய இடத்திற் பாடம் திரிந்தது. கட்டுக் கயிறு அவிழ்ந்தவிடத்து ஏடுகளின் வரிசை குலைந்தது. கணினியின் வரலாற்றிலும் இவ்விரு இடர்களும் உருமாறித் தோன்றுதலைக் காணலாம்.

வன்தட்டுடன் விற்பனைக்கு வந்த முதற் கணினி, ஐ.பீ.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட 305 ராமாக் என்பதாம். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதிற் சுழன்றன. அவை யாவும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. பிற்காலத்துத் தட்டுகள் உள்ளங்கையளவிற் சுருங்கிக் கொள்ளளவிற் பெருகிய கதை யாவரும் அறிந்ததே. அதனினும் நுணுகி நோக்கத்தக்கது கோப்பு முறைமையின் வரலாறாகும். தட்டு ஓலை எனின், கோப்பு முறைமை ஏட்டெண்ணும் கட்டுக் கயிறும் ஆகும். எழுதியது எங்கே தொடங்கி எங்கே தொடர்கின்றது என்பதை அதுவே அறியும்.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் 1977இல் வகுத்த ‘ஃபாட்’ எனும் முறைமை, தட்டைச் சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இட்டது. அவ்வெண்ணுக்கு 16 பிட்டுகள் ஒதுக்கப்பெற்ற காலத்து 65,536 கூறுகளுக்கு மேல் எண்ண இயலவில்லை. கூறொன்று 32 கிலோபைட்டு எனக் கொள்ளின் மொத்தம் 2 கிகாபைட்டேயாம். பெரிய தட்டை வாங்கியோன் அதனைத் துண்டுகளாகப் பிரித்தே ஆளவேண்டியவனானான். அன்றியும், இரண்டு வரிக் கடிதமும் 32 கிலோபைட்டு இடத்தை முழுதும் பிடித்துக்கொண்டது. ஒரு பிடி நெல்லுக்கு ஒரு பத்தாயம் ஒதுக்கியவாறு. 1996இல் வந்த ஃபாட் 32 முறைமை 4 கிலோபைட்டுக் கூறுகளை மீட்டும் இயல்வித்தது. அதற்கு மாறியோர் சிலர், தட்டை மாற்றாமலே இடம் பெருகியது கண்டு வியந்தனர். புதுத்தட்டு வாங்குமுன் வரிசையேட்டைச் சீர்செய்தல் நன்றென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ!

பழைய கணினிக்குப் பிறிதோர் எல்லையும் இருந்தது. தட்டின் இடங்களைச் சுட்டும் எண் 28 பிட்டுகளால் ஆகியமையின், 137 கிகாபைட்டுக்கு அப்பாற்பட்டதை அது அறியாது. 2002ஆம் ஆண்டளவில் 48 பிட்டு எண் வழக்கிற்கு வந்து இத்தடையை நீக்கிற்று. அதற்கு முற்பட்ட கணினிகள் சிலவற்றிற் பெருந்தட்டைப் பூட்டி எல்லை கடந்து எழுதியபோது, எண் சுழன்று தொடக்கத்துக்கே மீண்டது; புதிய எழுத்து பழைய எழுத்தின்மேலே விழுந்தது.

மின்சாரம் இடையில் அறுமாயின் அட்டவணை பாதியில் நின்று கோப்புகள் தொடர்பறுவதும் உண்டு. இக்குறையை நீக்கவே 1993இல் என்.டி.எப்.எஸ். முறைமையும், லினக்ஸ் உலகில் 2001இல் ஈ.எக்ஸ்.டி. 3 முறைமையும், செய்யப்போவதை முன்னரே குறித்துவைக்கும் நாட்குறிப்பொன்றைச் சேர்த்தன. பின்னையது பழைய ஈ.எக்ஸ்.டி. 2 தட்டின்மேலேயே, ஒரு கோப்பையும் பெயர்க்காது, அந்நாட்குறிப்பை இணைக்கவல்லது. பழையதைக் கலைக்காமற் புதுப்பித்த இவ்வமைப்பே இவ்வரலாற்றில் மிகவும் பாராட்டத்தக்கது.

தமிழ்க் கோப்புகளை உடையோர் கருதவேண்டிய நுட்பம் ஒன்று உளது. யூனிகோட் எழுத்து யூ.டி.எப். 8 முறையில் எழுதப்பெறுங்கால், தமிழ்க் குறியொவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளே. ‘இலங்காதிலகம்’ என்னும் பெயர் எண்ணுவார்க்கு எட்டெழுத்து. கணினிக்கோ 12 குறிகள், 36 பைட்டுகள். என்.டி.எப்.எஸ். முறைமை ஒரு கோப்பின் பெயரில் 255 குறிகள்வரை ஏற்கும். 2008இல் வந்த ஈ.எக்ஸ்.டி. 4 முறைமையோ 255 பைட்டுகளையே ஏற்கும். அஃதாவது 85 தமிழ்க் குறிகள். கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்புக்குப் பெயராக இடும் வழக்கமுடையோர் பழைய கணினியில் லினக்ஸை நிறுவிக் கோப்புகளைப் பெயர்க்கும்போது, நீண்ட பெயருள்ளவை மட்டும் ஏற்கப்படாது பழைய தட்டிலேயே நின்றுவிடும். ஆங்கிலப் பெயர்கள் அத்தனையும் குறைவின்றிச் சென்றிருக்கும். பெயர்ப்பின் முடிவில் தோன்றும் பிழைப்பட்டியலை ஒத்துப்பாராது பழைய தட்டை வெறுமையாக்குவோர் இழப்பன அத்தமிழ்க் கட்டுரைகளேயாம்.