வேலியில்லாத மலை

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது கம்ப்ரியா. ஏரிகளும் மரமில்லாத மலைகளுமாகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த மலைகளின் மேல்பகுதியில் பல மைல்களுக்கு வேலியே கிடையாது. பல பண்ணைகளின் செம்மறிகள் ஒரே பொதுநிலத்தில் மேய்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் பகுதியை விட்டு அதிகம் விலகிப் போவதில்லை. யார் தடுக்கிறார்கள்? யாருமில்லை. எல்லை எதுவென்று ஆட்டுக்கே தெரியும்.

இதை அங்கே ‘ஹெஃப்டிங்’ என்கிறார்கள். பிறந்த வருடக் கோடையில் குட்டி தாயோடு மலையேறும். எந்தச் சரிவில் புல் முதலில் துளிர்க்கும், பனிக்காற்று அடித்தால் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும், எந்த ஓடையோடு திரும்ப வேண்டும் என்பதெல்லாம் தாய்க்குப் பின்னால் நடந்தே அதற்குப் பழகிவிடும். பிறகு அதுவே தாயாகித் தன் குட்டியைக் கூட்டிப்போகும். நூற்றாண்டுகளாக நடப்பது இதுதான். அந்த மலையின் நில வரைபடம் ஆடுகளின் தலைக்குள் இருக்கிறது.

அங்கே பெரும்பாலும் இருப்பது ஹெர்ட்விக் என்ற இனம். குட்டி கரிக்கறுப்பாகப் பிறக்கும். வயதாக ஆக உடல் சாம்பல் நிறமாகி, முகம் வெளுத்துவிடும். நவம்பர் கடைசியில் கிடா சேர்ப்பார்கள். சினைக்காலம் சுமார் 147 நாள். ஆக, ஏப்ரல் நடுவில், புல் தலைகாட்டும் நேரத்தில் குட்டிகள் விழத் தொடங்கும்.

அந்த ஒரு மாதம் பண்ணையில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. விடிவதற்கு முன்னால் ஒரு சுற்று, இருட்டிய பிறகு ஒரு சுற்று. மந்தையை விட்டுத் தனியாக ஒதுங்கி, காலால் தரையைப் பிறாண்டும் ஆடு எது என்று கண் தேடும். இரண்டு முன்னங்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் கவலையில்லை, தள்ளி நின்றால் போதும். ஒரு கால் பின்னால் மடங்கியிருந்தால் கையை உள்ளே விட்டு நேராக்க வேண்டும். பிறந்ததும் தாய் நக்கிச் சுத்தம் செய்கிறதா, முதல் சில மணி நேரத்துக்குள் குட்டி சீம்பால் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்பு சக்தி சீம்பால் வழியாகத்தான் வரும். ஓர் ஆட்டின் குட்டி இறந்துபோனால், அதன் தோலை உரித்து, தாயில்லாத இன்னொரு குட்டிக்குச் சட்டை மாதிரி போட்டுவிடுவார்கள். வாசனையை முகர்ந்து ஆடு அதைத் தன்னுடையதென்று ஏற்றுப் பால் கொடுக்கும். கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு உயிருக்கும் வழி பிறப்பது அப்படித்தான்.

மனிதர்களும் தங்கள் பங்குக்குப் பதிவு வைத்தார்கள். எந்தப் பண்ணைக்கு எந்தக் காதுவெட்டு, எந்தச் சாயக்குறி என்று படம்போட்ட ‘ஷெப்பர்ட்ஸ் கைட்’ 1817இல் அச்சானது. வழிதவறிய ஆட்டை உரியவரிடம் சேர்க்க அது உதவியது. ஆனால் ஆடு எங்கே மேய வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தர முடியாது. அதனால்தான் பல குத்தகைப் பண்ணைகளில் மந்தை நிலத்தோடு சேர்ந்தது. குத்தகைக்காரர் மாறினாலும் ஆடுகள் அங்கேயே இருக்கும். பீட்டர் ராபிட் கதைகளை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் பிற்காலத்தில் ஹெர்ட்விக் வளர்ப்பில் மூழ்கியவர். 1943இல் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுப்போனார். மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்பதையும் உயிலில் கேட்டுக்கொண்டார்.

2001 பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியது. செம்மறியில் அதன் அறிகுறிகள் லேசானவை. வளர்ந்த ஆடுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் நோயற்ற நாடு என்ற தகுதி போனால் ஏற்றுமதி போய்விடும். எனவே அரசு கொன்று ஒழிக்கும் வழியை எடுத்தது. நாடு முழுக்க உறுதியான 2,026 தொற்றுகளில் 893 கம்ப்ரியாவில். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

அது குட்டி போடும் காலம் என்பதுதான் இதில் கொடுமை. கால்நடைகளை நகர்த்தவே தடை. சினை ஆடு எந்த வயலில் இருந்ததோ, அங்கேயே, சேற்றிலேயே ஈன்றது. மலை மந்தைகளுக்கு இன்னொரு வினையும் இருந்தது. முதல் வருடப் பெண்குட்டிகளைக் குளிர்காலத்துக்குத் தாழ்நிலப் பண்ணைகளுக்கு அனுப்பி, ஏப்ரலில் திரும்ப அழைப்பது அங்கே வழக்கம். நோய் மிகக் கடுமையாக இருந்தது தாழ்நிலத்தில்தான். உச்சிமலைகளின் பெரும்பகுதிக்கு அது எட்டவே இல்லை. ஆனால் முந்தைய கோடையில் தாயின் பின்னால் நடந்து மலையைக் கற்ற குட்டிகளில் ஏராளமானவை வீடு திரும்பவில்லை. கிரேட் ஆர்ட்டன் என்ற பழைய விமானத்தளத்தில் குழி வெட்டி நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட உடல்களைப் புதைத்தார்கள். இன்று அது வாட்ச்ட்ரீ என்ற இயற்கைக் காப்பகம்.

இழந்த ஆட்டுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. புது ஆடு வாங்கலாம், சரி. ஆனால் வாங்கி வந்த ஆட்டுக்கு மலை தெரியாதே? மந்தை முழுதும் போன இடங்களில் மேய்ப்பர்கள் நாள் கணக்காக மலையில் நின்று, எல்லை தாண்டும் ஆடுகளைத் திருப்பித் திருப்பி விரட்ட வேண்டியிருந்தது. சில பொதுநிலங்களில் தற்காலிக வேலிகூடப் போட்டார்கள். ஆடுகள் தாமாகச் செய்துவந்த வேலைக்கு என்ன விலை என்று அப்போதுதான் கணக்குப் பார்க்க முடிந்தது.

வரலாறு என்றால் கல்வெட்டு, ஏடு, ஆவணம் என்றே நமக்குப் பழக்கம். எழுதப்படாமல், ஒரு தலைமுறை அடுத்ததன் முன்னால் நடந்து காட்டுவதால் மட்டுமே பிழைத்திருப்பதும் வரலாறுதான். அதற்குப் பிரதி கிடையாது; இடையில் ஒரு வசந்தம் அறுந்தாலும் போதும். 2001இல் மிச்சமிருந்த வயதான ஆடுகள்தான் காப்பாற்றின. அவற்றுக்கு வழி மறக்கவில்லை. அடுத்த வருடம் அவை ஈன்ற கறுப்புக் குட்டிகள், மே மாதம் கதவு திறந்ததும், அவற்றின் பின்னாலேயே மலையேறின.