கள்ளத்தோணியும் வாக்குப்பெட்டியும்

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி, வியாழக்கிழமை. பொழுது புலர்வதற்கு முன்னரே கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டைப் பகுதிகளிலுள்ள லொட்ஜ்களின் கதவுகள் தட்டப்பட்டன. தலைநகரில் தங்கியிருப்பதற்குத் 'தகுந்த காரணம்' காட்ட இயலாத தமிழர்கள் என்று கூறி, முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டனர். பெரும்பாலோர் வவுனியாவில் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். மருத்துவத்துக்காக வந்தவர்கள், வெளிநாட்டுத் தூதரகத்தின் பதிலுக்காகக் காத்திருந்தவர்கள், தொழில் தேடி வந்தவர்கள் எல்லோரும் அவர்களுள் அடங்குவர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

வெள்ளவத்தையில் குடியிருந்த எனக்கு அன்று காலை வந்த முதலாவது தொலைபேசி அழைப்பு கொட்டாஞ்சேனையிலிருந்து. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். சொந்த நாட்டின் தலைநகரில் அனுமதியின்றிக் குடியேறியவர்களைப் போல மக்கள் நடத்தப்பட்ட அந்தக் காலையில், என் நினைவுக்கு வந்தது ஒரு பழைய சொல்: கள்ளத்தோணி.

தமிழ்ச் சொல்தான். சிங்கள அரசியல் மேடைகள் அதனை அப்படியே கடன் வாங்கிக்கொண்டன. சிங்களத்தில் அதற்கு வேறு சொல் தேட வேண்டிய தேவையே எழவில்லை. அந்தச் சொல்லை வைத்துக் கட்சிகள் இந்த நாட்டில் எத்தனை தேர்தல்களை எதிர்கொண்டன, அதனால் என்ன பெற்றன என்பதே இப்பதிவின் பொருள்.

முதலில் ஒரு தெளிவு தேவை. மலையகத் தோட்டத் தொழிலாளரின் மூதாதையர் கள்ளத்தோணியில் வந்தவர்கள் அல்லர். ஆங்கிலேய ஆட்சியின் முழு அறிவோடு, கங்காணிமாரால் ஆள்சேர்க்கப்பட்டு, மண்டபம் முகாமில் பரிசோதிக்கப்பட்டு, ஒரு காலத்தில் எண் பொறித்த தகரத் துண்டைச் சுமந்துகொண்டு வந்தவர்கள். இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டமே 1948இல்தான் இயற்றப்பட்டது. 1949 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னர் மன்னார், புத்தளம், யாழ்ப்பாணக் கரைகளில் இரவில் தோணிகளில் வந்து இறங்கியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் பின்னால் வந்த அந்தச் சிலரின் பெயர், நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்ட பல இலட்சம் பேரின் மீது ஒட்டவைக்கப்பட்டது. அரசியல்வாதிக்கு இந்தக் குழப்பம் மிகவும் வசதியாக இருந்தது.

இந்த விளையாட்டு மலையகத்தில் தொடங்கவில்லை. கொழும்பில்தான் தொடங்கியது.

1920களில் கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராக விளங்கியவர் ஏ.ஈ. குணசிங்கா. துறைமுகத் தொழிலாளரும் டிராம் வண்டித் தொழிலாளரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டனர். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர் அவரோடு தோளோடு தோள் நின்று பணியாற்றினார். 1930களின் பொருளாதார மந்தம் எல்லாவற்றையும் மாற்றியது. வேலை அருகியபோது, கொழும்பில் வேலை செய்த இந்தியர்கள்மீது, குறிப்பாக மலையாளிகள்மீது குணசிங்காவின் கோபம் திரும்பியது. அவருடைய 'வீரய' பத்திரிகை மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்தை நடத்தியது. சுதந்திரத்துக்காகவும் சர்வசன வாக்குரிமைக்காகவும் குரல் கொடுத்த ஒரு மனிதர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது, இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றின் பெருந்துயரம் என்றே நான் கருதுகிறேன்.

வெள்ளவத்தைக்கும் இக்கதையில் ஒரு பங்கு உண்டு. இன்று காலி வீதியின் நெரிசலில் நடப்பவர்களுக்கு, இங்கே ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெரிய நெசவாலை இயங்கியது தெரியாது. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் 1933இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளருள் பெரும்பாலோர் இந்தியர். அதனை வழிநடத்தியவர் இளம் சட்டத்தரணியான கொல்வின் ஆர். டி சில்வா, எதிர்த்து நின்றவர் குணசிங்கா. இரண்டாண்டுகளின் பின்னர், 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது.

இந்திய எதிர்ப்பு குணசிங்காவுக்கு எதைத் தந்தது? கொழும்பு மத்தியில் அவருக்கிருந்த தனிப்பட்ட செல்வாக்கு பல ஆண்டுகள் நிலைத்தது. அரசாங்க சபைக்குத் தெரிவானார், கொழும்பின் மேயரானார். ஆனால் 1947 பொதுத் தேர்தலில் அவருடைய தொழிற்கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது ஒரேயோர் ஆசனம், அவருடையது மட்டுமே. மூன்று உறுப்பினர்களைக் கொண்ட அதே கொழும்பு மத்தித் தொகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமனும் வென்றார். தொழிலாளர்கள் இடதுசாரிகளின் பக்கம் போய்விட்டனர். 

அவர் விதைத்ததை அறுவடை செய்தவர்கள் வேறு ஆட்கள். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. ஜவஹர்லால் நேரு ஜூலையில் கொழும்புக்கு ஓடி வந்தார். பேச்சு பலிக்கவில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்த வருகையின்போதே பிறந்தது.

1947 தேர்தலில் 95 ஆசனங்களில் டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி 42 ஆசனங்களையே பெற்றது. மலையகத்திலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை, கே. இராஜலிங்கம் உட்பட ஏழு தமிழர்கள் பாராளுமன்றம் சென்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. பெரும்பான்மை இல்லாத ஒரு பிரதமருக்கு இந்தக் கணக்கு உறைக்காமல் இருக்குமா? 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவர்களுடைய வாக்குரிமையைப் பறித்தன. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர். பல ஆண்டுப் பரிசீலனையின் முடிவில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை லயன் அறையில் எவர் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்?

1952 மே மாதத் தேர்தலில் ஐ.தே.க. 54 ஆசனங்களைப் பெற்றது. மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. டி.எஸ். சேனநாயக்கா குதிரையிலிருந்து விழுந்து மறைந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன; அந்த அனுதாப அலையும் டட்லிக்குக் கைகொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் மலைநாட்டுத் தொகுதிகளின் கணக்கு, சட்டத்தால் முன்கூட்டியே எழுதப்பட்ட கணக்கு. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தொகுதிகள் சனத்தொகையின் அடிப்படையில் வகுக்கப்பட்டன. வாக்கில்லாத தொழிலாளரும் சனத்தொகையில் எண்ணப்பட்டனர். ஆகவே அவர்களின் தலைகளுக்குக் கிடைத்த ஆசனங்களை, அவர்களின் கைகளுக்கு வாக்கில்லாததால், கண்டிச் சிங்கள வாக்காளர் தெரிவு செய்தனர்.

அதே 1952இல்தான் சட்டவிரோதக் குடியேற்றத்தைத் தடுக்க இராணுவம் கரையோரத்தில் இறக்கப்பட்டது. 'ஒப்பரேஷன் மொன்டி' என்று அதற்குப் பெயர். 1963இல் அது விரிவாக்கப்பட்டு, 1981 வரை நீடித்தது. வடமராட்சிக் கரையில் பிறந்த எனக்கு அந்த ஜீப் வண்டிகளைச் சிறுவயதிலேயே தெரியும். 1954 ஜனவரியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழிகளில் ஒன்றாயின், அவர் இந்தியாவிலிருந்து சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்று ஊகிக்கப்படுவார். தாய்மொழியே குற்றத்துக்கு அத்தாட்சி! அந்த விதியை எங்கள் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் எத்தனை பேர் அன்று ஊன்றிப் படித்தார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

ஐ.தே.க.வின் இலாபம் எத்தனை காலம் நிலைத்தது? நான்கே ஆண்டுகள். அந்நியரைக் காட்டி வாக்குக் கேட்பது ஏலம் போடுவது போன்றது. அடுத்தவர் கூடுதல் விலை கேட்பார். எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா 'சிங்களம் மட்டும்' என்றார். 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய ஐ.தே.க.வும் அவசர அவசரமாக அதே கோஷத்தை எடுத்தது. ஏப்ரல் தேர்தலில் மக்கள் ஐக்கிய முன்னணிக்கு 51 ஆசனங்கள், ஐ.தே.க.வுக்கு எட்டு. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. நாட்டைத் தூய்மைப்படுத்திய பெருமையோடு 1965 மார்ச்சில் வாக்குக் கேட்ட ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 41 ஆசனங்களோடு தோற்றது. தொண்டமானின் ஆதரவைப் பெற்ற ஐ.தே.க. 66 ஆசனங்களோடு ஆட்சியமைத்தது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் அல்லன். 1948 ஆகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டமூலத்தை எதிர்த்த ஜீ.ஜீ. பொன்னம்பலம் அடுத்த மாதமே அமைச்சரானார். தொடர்ந்து வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமூலத்துக்கு ஆதரவளித்தார். செல்வநாயகமும் வன்னியசிங்கமும் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். அது மேடை வரலாறு. வீட்டு வரலாறு வேறு. 1960 அளவில், எனக்கு எட்டு வயதிருக்கும், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து பத்து வயதுப் பையன் ஒருவன் எங்கள் வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டான். தண்ணீர் அள்ளுவான், மாட்டுக்குப் புல் வெட்டுவான், குசினி வாசலில் இருந்து சாப்பிடுவான். பாத்திரம் உடைந்தால் என் அம்மா அவனை அழைத்த பெயர் கள்ளத்தோணி. நானும் அப்படி அழைத்திருக்கிறேன். அவன் என்னைச் 'சின்னையா' என்றே அழைப்பான்.

ஆறு ஆண்டுகள் கழித்து அவன் கொழும்புக்குப் போய்விட்டான். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னர், ஜிந்துப்பிட்டிச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் அவரை மீண்டும் கண்டேன். 'அவன்' என்று எழுதிய பேனா இங்கே 'அவர்' என்று எழுதுகிறது. பெற்றோரும் மூத்த சகோதரியும் 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் போய்விட்டதாகச் சொன்னார். தாம் எந்த நாட்டுக்கும் விண்ணப்பிக்கவில்லை என்றார். இரண்டு நாடுகள் ஆட்களைப் பங்கிட்டபோது எந்தப் பங்கிலும் அகப்படாமல் போனவர்களில் ஒருவர் அவர்.

1977இல் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியில் தொண்டமான் மூன்றாவது உறுப்பினராக வென்றார். அடுத்த ஆண்டு ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் அமைச்சரானார். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்த அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவர் அதே ஜே.ஆர்.தான். அதைவிடச் சுவையானது 1988. அவ்வாண்டு நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 39ஆம் இலக்க விசேட சட்டம் நிறைவேறிய சூட்டோடு டிசம்பர் 19இல் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. ஐ.தே.க. வேட்பாளர் ரணசிங்க பிரேமதாச. கொழும்பு மத்தியின் பிள்ளை. அரசியல் பால பாடம் படித்தது குணசிங்காவின் தொழிற்கட்சியில். அவர் வென்றது 50.43 சதவீத வாக்குகளால். புதிய சட்டத்தின் பயனாளிகள் அத்தேர்தலிலேயே வாக்களித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குள் வாக்குரிமை பெற்றிருந்த மலையகத் தமிழரும் தொண்டமானின் காங்கிரசும் அவர் பக்கம் நின்றிராவிட்டால், அந்த அரை வீதத்துக்கும் குறைவான மிகுதி எங்கிருந்து வந்திருக்கும்? குணசிங்காவின் சீடர் இந்திய வம்சாவளியினரின் துணையோடு நாட்டின் தலைவரானார்.

ஜே.வி.பி.யின் கதையும் இதுவே. றோகண விஜேவீர நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. தோட்டத் தொழிலாளரை அந்த விஸ்தரிப்பின் கருவியாக அது காட்டியது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் விஜேவீர பெற்றது 4.19 சதவீதம். அந்த வகுப்பைக் கைவிட்ட அதே கட்சி, தேசிய மக்கள் சக்தியாக 2023இல் ஹட்டனுக்குப் போய் மலையக மக்களின் உரிமைகள் குறித்துப் பிரகடனம் செய்தது. 2024 நவம்பரில் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தையும், நாடளாவிய ரீதியில் 159 ஆசனங்களையும் பெற்றது. அந்த வெற்றிக்குப் பொருளாதாரச் சீரழிவு முதலிய பெரிய காரணங்கள் இருந்தன. ஆயினும் பழைய வகுப்பை வைத்துக்கொண்டு அவர்கள் ஹட்டன் மேடையில் ஏறியிருக்க முடியாது.

தேநீர்க் கடை மனிதருக்கு வருவோம். 1988 சட்டத்தின் கீழ், ஒரு சத்தியக் கடதாசியோடு அவர் இந்த நாட்டின் பிரஜையானார். 1994 ஆகஸ்டில், நாற்பத்து நான்காவது வயதில், கொட்டாஞ்சேனையில் முதன்முறையாக வாக்களித்தார். அன்று பின்னேரம் என் அலுவலக வாசலில் வந்து நின்று, மை பூசிய விரலைக் காட்டினார். எவருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி விடிகாலையில் என்னை அழைத்தவர் அவர்தான். கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றிலிருந்து ஆட்களை இறக்கி பஸ்சில் ஏற்றுவதைத் தம் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே பேசினார். பஸ் இயந்திரத்தின் ஓசை எனக்கும் கேட்டது.

"சின்னையா, ஒங்கள ஏதும் புடிச்சிட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எதுக்கும் இங்க வந்து கடையில இருங்க. எங்கிட்ட ஐடென்டிட்டி கார்ட் இருக்கு, கொழும்பு விலாசம் போட்டது" என்றார்.